அக்கரை வயலும் இரண்டு மடங்குக் கண்ணாடியும்

"...மூணு கால ஊனி, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு எங்க வயலப் பாக்குறவங்க எவரா இருந்தாலும் எங்களுக்கு ஒண்ணுதான் பாய். ஆளத் தொடமாட்டோம். பேட்டரி எங்கிட்ட இருக்கட்டும். நீங்க அப்புடி நிழல்ல உக்காருங்க, டீ இருக்கு."

சொன்னவருக்கு ஐம்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. என் கேமராவின் பேட்டரி அவருடைய உள்ளங்கைக்குள் போய்விட்டது. அவரை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்த ஓரகத்தி ஃபிளாஸ்கைத் திறந்து எனக்கு நிஜமாகவே டீ ஊற்றினார். என் தொப்பியைப் பார்த்து பாய் என்று கூப்பிட்டார்களே தவிர, இருவருக்கும் என்னை யாரென்று தெரியாது.

எரிவாயுக் குழாய் பதிக்க அளவெடுக்கிறார்கள் என்று குடமுருட்டி ஆற்றின் இரு கரையிலும் ஊர்கள் கொதித்துக் கிடந்த வருடங்கள் அவை. அளக்க வந்தவனை அடித்தால் வழக்கு, வைதாலும் வழக்கு. அதனால் பெண்கள் ஒரு முறை கண்டுபிடித்திருந்தார்கள். கருவியின் பேட்டரியைக் கழற்றி வைத்துக்கொள்வது, வந்தவருக்கு டீ கொடுத்து உட்கார வைப்பது, கிராம நிர்வாக அலுவலர் வந்த பிறகு அவர் கையில் பேட்டரியை ஒப்படைப்பது.

"டீ குடுத்ததுக்கு எந்தச் செக்‌ஷன்ல போடுவாங்க?" என்றார் ஓரகத்தி. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். டீயை ஊதிக் குடித்தேன்.

நான் அளக்க வந்தவன் இல்லை. திருக்காட்டுப்பள்ளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன். அதற்கு முன் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் பதினோரு வருடம் சரக்கு ஏற்றினேன். வெள்ளிக்கிழமை மதியங்களில் வேலிக்கு வெளியே நின்று விமானங்களைப் படமெடுப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துக் கொடுத்துக் கேமராவைக் கற்றேன். யாரும் வகுப்பெடுக்கவில்லை. கேட்டேன், சொன்னார்கள். ஊர் திரும்பும்போது நானூறு மில்லிமீட்டர் வரை நீளும் ஒரு பழைய ஜூம் லென்ஸும், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற இரண்டு மடங்கு டெலிகன்வெர்ட்டர் ஒன்றும் கொண்டுவந்தேன். பார்ப்பதற்கு டம்ளர் அளவுதான் இருக்கும். நானூறை எண்ணூறாக்கிவிடும். ஆனால் நாலு பங்கு வெளிச்சத்தில் மூன்று பங்கைத் தின்றுவிடும். கூட வேலை பார்த்த கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் இதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது சம்பந்தி மாதிரி. கொண்டாரதும் உண்டு, கொண்டுபோறதும் உண்டு."

கொண்டுபோவதில் முதலாவது தானியங்கி ஃபோகஸ். அவ்வளவு மங்கிய வெளிச்சத்தில் கேமரா முயற்சி செய்யவே மறுத்துவிடும். கன்வெர்ட்டரில் வரிசையாக இருக்கும் உலோகப் புள்ளிகளில் மூன்றை செலோ டேப்பால் மறைத்தால் நடுவில் ஒன்று மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாது, ஏமாந்து ஃபோகஸ் செய்யப் பார்க்கும். செய்யப் பார்க்கும், அவ்வளவுதான். முன்னுக்கும் பின்னுக்கும் துழாவும். கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும்.

அன்று தை மாதத்து முகூர்த்த நாள். கடைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று விடிந்ததும் கரைக்கு வந்துவிட்டேன். "பிளேன்ல வேல பாத்தாச்சு, பிளேன்லயே வந்து எறங்கியாச்சு, இன்னும் அதுல என்னத்தப் பாக்குறது?" என்று என் மனைவி கேட்டதற்கு, நாரை பார்க்கப் போகிறேன் என்றேன். அது பாதி உண்மை. அக்கரை வயல் வரப்புகளில் நத்தைகுத்தி நாரைகள் நின்றன, எடுத்தேன். எட்டரை மணிவாக்கில் தஞ்சாவூர்ப் பக்கம் இறங்குவதற்காக ஒரு போர் விமானம் அக்கரைத் தென்னைகளுக்கு மேல் தாழ்ந்து வந்தது. அதையும் எடுத்தேன். ஐந்து முறை.

எடுத்த கையோடு பயம் வந்துவிட்டது. படமெடுக்கக் கூடாது என்ற பலகை விமானத் தளத்துச் சுவரில்தான் இருக்கிறது, ஆற்றங்கரையில் இல்லை. ஆனாலும் இந்த நீளத்துக்கு ஒரு லென்ஸ், அதற்குள் ஒரு போர் விமானம், அதற்குப் பின்னால் என் பெயரில் ஒரு ஆள். எங்கள் பெயர்களைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிற மேசைகள் முன்னால் நான் நின்றிருக்கிறேன். அழித்துவிடலாம் என்று நினைத்தபோதுதான் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"நான் பறவை எடுக்குறவன்க்கா," என்றேன், மூன்றாவது முறையாக.

"அளக்க வந்தவரு ஒருத்தரு போன மாசம் மீன் புடிக்க வந்தேன்னாரு. தூண்டில் எங்கன்னு கேட்டா மொறைக்கிறாரு," என்றார் ஓரகத்தி.

தலையில் துண்டு கட்டியிருந்தவர் சிரிக்கவில்லை. பேட்டரியை என்னிடம் நீட்டினார். "பறவைன்னா காட்டுங்க. நானே பாக்குறேன்."

வேறு வழியில்லை. பேட்டரியைப் போட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். நாரை. நாரை. சிறகு விரித்த நாரை. அடுத்து விமானம் வந்துவிடும் என்று கட்டை விரல் தயங்கியது. "தள்ளுங்க," என்றார். தள்ளினேன். மேலே ஓரத்தில் விமானம் வெறும் சாம்பல் தீற்றலாக இருந்தது. ஃபோகஸ் வழக்கம்போலத் துழாவி விமானத்தைக் கோட்டை விட்டு, அடியில் இருந்த தரையைப் பிடித்திருந்தது. தென்னை, தகரம் போட்ட மோட்டார் கொட்டகை, பழுத்த சம்பாக் கதிர். கதிருக்கு நடுவில் நான்கு பேர். ஒருவர் கையில் சிவப்பும் வெள்ளையும் அடித்த கோல். ஒருவர் முன்னால் மூன்று கால் கருவி.

விமானத்தையே நினைத்துக்கொண்டிருந்த நான் இதைக் கவனிக்கவே இல்லை.

"நிறுத்துங்க," என்றார் அவர். பிறகு மெதுவாக, "அது எங்க மோட்டார் கொட்டா."

அவர்கள் பதறிச் சொன்னதிலிருந்துதான் எனக்கு விளங்கியது. காவல் போட்டிருந்தது அக்கரையில். ஊர் முழுவதும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் அன்றைய காவல் இந்த இரண்டு பேர்தான். இக்கரையில் என் கேமரா முக்காலி தெரிந்ததும், பாலத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் என்னைப் பிடிக்க வந்துவிட்டார்கள். இவர்கள் வயலை விட்டு நகர்ந்த சமயம் பார்த்து நிஜமாக அளப்பவர்கள் வயலுக்குள் இறங்கியிருக்கிறார்கள். என்னைப் பிடித்துவைத்து டீ ஊற்றிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அங்கே முளை அடிக்கிறார்கள்.

அக்கரையைப் பார்த்தோம். வெறும் கண்ணுக்கு நாலு வெள்ளைப் புள்ளி. நாரைகள் என்றுகூடச் சொல்லலாம்.

"நீ போ. சுத்திக்கிட்டுப் போயி மறி," என்று ஓரகத்தியை விரட்டினார். ஸ்கூட்டர் சீறிக்கொண்டு போனது. பாலம் சுற்றிப் போக அரை மணியாவது ஆகும். ஆற்றில் தண்ணீர் இடுப்பளவு, இழுப்பும் இருந்தது.

"இந்தப் படத்த எனக்குக் குடுங்க பாய்."

அவரே தொடர்ந்தார். "கோயில் நெலம். பட்டா சாமி பேர்ல, பாடு எம்பேர்ல. அறுப்பு முடியுற வரைக்கும் வயல்ல கால் வைக்கமாட்டோம்னு கொழாக் கம்பெனி ஆபீசரே தாலுகாபீஸ்ல கையெழுத்துப் போட்டான். போட்டுட்டு ராவோட ராவா வர்றாங்க, ஊர் இல்லாதப்ப வர்றாங்க. மொள அடிச்சிருக்குன்னு போய்ச் சொன்னா, யாரும்மா பாத்தான்னு கேக்குறாரு தாசில்தாரு. நாளைக்கி மறு கூட்டம். கையில ஒண்ணும் இல்லாமப் போனா, அவங்க வரவே இல்லன்னு எழுதிடுவாங்க. அப்பறம் அறுக்குறதுக்கு முன்னாடியே மிசின எறக்கிருவான்."

"ஆளுங்கட்சில யாரையாவது..." என்று இழுத்தேன்.

"போன ஆட்சியில வந்தாங்க, இந்த ஆட்சியிலயும் வர்றாங்க. வேட்டியில கரைதான் மாறுது. நாங்க யாரத்தான் போயிப் பாக்குறது?"

எனக்குத் தெரியாத கதையா? இப்படிப்பட்ட மனுக்களுக்கு என் கடையிலேயே எத்தனை நகல் போட்டிருக்கிறேன். 'இணைப்பு' என்று கடைசியில் எழுதிவிட்டு, இணைக்க ஒன்றும் இல்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் அந்தப் படத்தைக் கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மழுப்பாமல் சொல்லிவிட்டேன். மேலே இருக்கிற தீற்றல் என்ன என்பதை, அதை யார் எடுத்தது என்று கேட்டால் எனக்கு என்ன ஆகும் என்பதை. முகங்களும் அதில் தெளிவில்லை என்றேன். அது உண்மைதான், ஆனால் நான் அதைச் சொன்னது தப்பித்துக்கொள்ள.

அவர் கோபப்படவில்லை. "உங்க பிளேன நீங்களே வச்சுக்குங்க பாய். எனக்கு அந்த நாலு பேரு போதும். வேற எடுங்க. இன்னும் அங்கதான நிக்கிறாங்க?"

அதைச் செய்யலாம். படம் பதிந்த மெமரி கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். பையிலிருந்த காலிக் கார்டைச் செருகினேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆற்றுக்கு மேல் கானல் எழும்பிவிடும், எழும்பினால் எண்ணூறு மில்லிமீட்டரில் முகம் இருக்கிற இடத்தில் கஞ்சிதான் தெரியும். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டால் தெளிவு கூடும். ஆனால் ஆள் எறும்பாகிவிடுவான். மாட்டியே வைத்தேன். தானியங்கியை நம்பவில்லை, அணைத்தேன். திரையில் பத்து மடங்கு பெருக்கி, கையால் வளையத்தைத் திருகினேன். கோல் தெளிந்தது, மங்கியது, மறுபடி தெளிந்தது. அந்த நீளத்தில் என் விரலின் நடுக்கம் அக்கரையில் நிலநடுக்கமாகத் தெரிந்தது. முக்காலியின் நடுக்கொக்கியில் என் பையைத் தொங்கவிட்டுக் கனம் கொடுத்தேன். பேட்டரி சிவப்பு ஒற்றைக் கோட்டில் சிமிட்டத் தொடங்கியது. திரையை அணைத்தேன்.

"ஆச்சா?"

"ஆச்சு. இனி வளையத்தத் தொடக்கூடாது. அவங்க நின்ன எடத்துலயே நின்னா தெளிவா விழும்."

கேமராவைத் தொடாமல் எடுப்பதற்காக மாட்டுகிற ரிமோட் ஒயரின் பொத்தான் என் கையில் இருந்தது. வியூஃபைண்டரில் கண் வைத்தேன். கன்வெர்ட்டர் தின்றது போக மிச்ச வெளிச்சத்தில் நால்வரும் மங்கலாக, நான் கூப்பிட்டால் திரும்பிவிடுவார்கள் போல அவ்வளவு கிட்டத்தில் நின்றார்கள். மூவர் முதுகைக் காட்டிக்கொண்டு. நாலாவது ஆள் மட்டும் பக்கவாட்டில். இப்போது அழுத்த வேண்டும். என் கட்டை விரல் அசையவில்லை.

"என்ன பாய்?"

"படத்தக் குடுத்ததும் மொதல்ல என்ன கேப்பாங்க? யாரு எடுத்ததும்பாங்க."

"கேப்பாங்கதான்."

"என்ன சொல்லுவீங்க?"

யோசித்தார். எனக்காக ஒரு பொய்யைத் தேடுகிறார் என்று நினைத்தேன். "எனக்குப் பொய் சொல்ல வராது பாய். சொன்னா மொகத்துல எழுதி ஒட்டிரும். என் மாமியாரு உசுரோட இருந்தவரைக்கும் அதான் எனக்குச் சண்டை," என்றார்.

தூரத்தில், பாலத்துப் பக்கமிருந்து ஸ்கூட்டரின் ஹாரன் சன்னமாகக் கேட்டது. அளப்பவர்களுக்கும் கேட்டிருக்கும். நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் குனிந்து கருவியின் திருகைத் தளர்த்தினார். மடிக்கப் போகிறார்கள்.

"கெளம்பப் போறாங்கக்கா," என்றேன். அதைச் சொல்ல மட்டும் என்னால் முடிந்தது.

"தள்ளுங்க."

நான் விலகினேன். அவர் என் கையிலிருந்து ஒயரை வாங்கிக்கொண்டார். "எத அமுக்கணும், இதையா?" ஆமாம் என்றேன். தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தில் போட்டார், முந்தியை இழுத்துச் செருகினார், நாற்று நடக் குனிகிற மாதிரி முக்காலிக்குப் பின்னால் குனிந்தார். கேமராவில் கை படாமல் முகத்தை மட்டும் கொண்டுபோனார். இரண்டு கண்ணாலும் பார்க்க முயன்றார், தெரியவில்லை.

"ஒரு கண்ண..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

அவர் ஒற்றைக் கண்ணை இறுக மூடினார். மூச்சை அடக்கினார். ஹாரன் இன்னொரு முறை, இப்போது வயலுக்குப் பக்கத்தில்.

"இருங்க... திரும்புறான், கையெழுத்துப் போட்டவனேதான்," என்றார். அழுத்தினார்.