காம்பு கிள்ளிய சாமந்தி

இந்த ஊரில் என் முகத்தைப் பார்க்கும் முன்னே தலையைத்தான் பார்க்கிறார்கள். ஒரகடத்துக்குக் குடிவந்து வருஷங்கள் ஆகின்றன. விடியுமுன் வரும் கம்பெனி பஸ் ஹாரன்கூடப் பழகிவிட்டது, இந்தப் பார்வை பழகவில்லை. வீட்டுக்காரம்மா கன்னியம்மாக்கா தினமும் கேட்பார்: "வூட்டுக்காரரு கல்லாட்டம் கீறாரு. நீ இன்னாத்துக்கு வெறுந்தலையோட சுத்திகினு கீற?" திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சபையில் பெண்கள் பூ வைப்பதில்லை, பூ பீடத்துக்கு மட்டும்தான் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். "சாமிக்கு வெச்சிட்டு மிச்சத்த நீ வெச்சிக்க" என்பார். அவரிடம் பேசி ஜெயித்தவர் யார்?

ஊரில் இருக்கும் நம் சபையாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் மாமனாரின் அப்பா சபை நடத்திய உபதேசியார். அந்தப் பெருமையை எங்கள் வீட்டில் சாப்பாட்டு ஜெபத்தோடு சேர்த்துப் பரிமாறுவார்கள். கல்யாணமாகி முதல் ஞாயிறு, சிநேகிதி ஆசையாகச் செருகிய பிச்சிப்பூவைச் சபைக் கோயில் வாசலிலேயே என் மைனி, கணவரின் அக்கா, உருவி எடுத்தார். "நம்ம குடும்பத்துல கிடையாது" என்றார், அவ்வளவுதான். மைனியிடம் எனக்கு இன்றுவரை அந்தப் பயம் உண்டு.

அந்த மைனிதான் போன மாதம் இங்கே வந்திருந்தார். ஞாயிறு ஆராதனையில் என் மகள் ஷீபா முதல் தடவையாக வேதபாடம் வாசிக்கிறாள். பீடத்துக்குப் பூ வைக்கும் முறையும் அன்று எங்களுடையதே. அதற்காகவே காம்பவுண்டு ஓரம் வெள்ளைச் சாமந்தி வளர்த்திருந்தேன். வடக்கே போனதில் நாங்கள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று மைனி தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போகவேண்டும். வேறென்ன?

ஞாயிறு காலையில் செடிகளில் ஒரு பூ இல்லை. வாசற்படியில் கன்னியம்மாக்கா உட்கார்ந்திருந்தார், மடியில் நெருக்கமாகக் கட்டிய சாமந்திச் சரம். காம்பையெல்லாம் கிள்ளியிருந்தார். இனி ஒன்றுகூட ஜாடியில் நிற்காது.

"சர்ச்சுக்குப் பூ வோணும்னியே. நீ எங்க உக்காந்து கட்டப்போறன்னு நானே கட்டிட்டேன். சாமிக்கு இது, பொண்ணுக்கு இது" என்று ஒரு முழத்தை அறுத்தார்.

எங்கள் பீடத்தில் வெறும் சிலுவை. மாலையை யாருக்குப் போடுவது? எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கணவர் ஷிஃப்டில். பின்னால் நிலைப்படியில் மைனி நிற்பது திரும்பாமலே தெரிந்தது.

"எங்க வூட்டுப் பொண்ணு மைக்குல படிக்கப் போவுது. திரும்பு கண்ணு" என்றார் அக்கா, வெளியே வந்த ஷீபாவிடம்.

"எஸ்தரு, பிள்ளைய உள்ள கூப்புடு" என்றார் மைனி.

ஷீபா இருவரையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். மைனி சொல்லும் 'நம்ம குடும்பம்' எனக்கும் குடும்பம்தான். ஆனால் நான் டைபாய்டில் கிடந்தபோது என் பிள்ளைக்குச் சோறு ஊட்டியது அக்காவின் கை. அக்காவிடமிருந்து சரத்தை வாங்கி என் மகள் தலையில் நானே வைத்தேன். ஹேர்பின் இரண்டு தடவை நழுவியது.

கோயிலில், சாமிக்கென்று அக்கா கட்டிய சரத்தின் நூலைப் பிரித்து, பித்தளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி, பூக்களை மிதக்கவிட்டு பீடத்தில் வைத்தேன். மைனி உதவிக்கு வரவில்லை. ஷீபா எழுந்துபோய்த் திக்காமல் வாசித்தாள். இந்த ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் பூவோடுதான் இருந்தார்கள். ஒருவரும் அவளை விநோதமாகப் பார்க்கவில்லை. மைனி மட்டும் பாட்டுப் புஸ்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.

சாயங்காலம் பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊர்ல யார்ட்டயும் சொல்லமாட்டேன், கவலப்படாத." உண்மையான பிரியத்தோடுதான் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

"சொல்லுங்க மைனி. பாடம் நல்லா வாசிச்சான்னும் சேத்துச் சொல்லுங்க."

பஸ் போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் கேட்டில் கன்னியம்மாக்கா. அன்றைக்கு என் தலையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார். ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு துண்டுச் சரத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கேட்டருகிலேயே நின்றேன். தலையில் வைக்கக் கை வரவில்லை, கீழே வைக்க மனம் வரவில்லை.