தாம்பரத்தில் கூடிய நிசேயா

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தாம்பரத்தில் எங்கள் சர்ச்சின் பின்புற ஹாலில், இயேசு கடவுள் அல்ல என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நிறைவேற்ற வைத்தவள் நான். அதற்குப் பரிசாக ஒரு பென்சில் பாக்ஸும் கொடுத்தார்கள்.

ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில் நடந்தது அது. வருடா வருடம் சொத்தை அழித்துப் பன்றி மேய்க்கப் போன கெட்ட குமாரன் கதையையே நாடகமாகப் போட்டுப் போட்டு, பன்றியாக நடிக்கப் பிள்ளைகள் கிடைக்காத நிலை வந்திருந்தது. அந்த வருடம் நாடகம் எழுதும் பொறுப்பு சித்தியிடம் வந்தது. சித்தி அம்மாவின் தங்கை. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவள். சித்தப்பா ஜி.எஸ்.டி. சாலை விபத்தில் இறந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்து இருந்தாள். சரித்திர டீச்சர் கையில் பேனாவைக் கொடுத்தால் என்ன ஆகும்? நிசேயா சங்கத்தை எழுதிவிட்டாள்.

ஒரு காலத்தில் சபை இரண்டுபட்டுக் கிடந்ததாம். கிறிஸ்து கடவுளே என்று ஒரு பக்கம். இல்லை, கடவுள் படைத்தவற்றில் முதன்மையானவர், அவ்வளவுதான் என்று இன்னொரு பக்கம். ரோமச் சக்கரவர்த்தி ஊர் ஊராக ஆயர்களை நிசேயாவுக்கு வரவழைத்துப் பேசித் தீர்க்கச் சொன்னார். படைக்கப்பட்டவர்தான் என்று வாதாடித் தோற்றுப்போன பாதிரியாரின் வேஷம் எனக்கு. மனப்பாடத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நீளமான வசனமெல்லாம் எனக்கு. பதில் சொல்லி ஜெயிக்கிற வேஷம் எங்கள் ஆயரின் மகனுக்கு. அவனுக்கும் மனப்பாடத்துக்கும் ஆகவே ஆகாது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஆயர் மகன்.

அது வெறும் நாடகம்தானே, இதற்குப் போய் எதற்கு இவ்வளவு ஒத்திகை என்று ஒரு நாள் சிணுங்கினேன். சித்தி நோட்டை மூடி வைத்தாள்.

"அந்தச் சங்கத்துல எடுத்த முடிவைத்தான்டி இன்னிக்கும் உலகம் பூரா எழுந்து நின்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்," என்றாள்.

அதுதான் என் மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. ஆயர்கள் கூடிக் கை தூக்கினால் தூக்கியதுதான். உலகம் பூரா அதன்படிதான்.

விழா அன்று பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு பன்னிரண்டு குட்டி ஆயர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். போன கிறிஸ்துமஸ் மேய்ப்பர்களின் அங்கிதான் அவர்களுக்கும். நான் வெளுத்துக் கட்டினேன். கடவுளுக்குக் களைப்பு வருமா? படகில் தூக்கம் வருமா? நண்பன் லாசருவின் கல்லறை முன்னால் நின்று அழுதாரே, கடவுள் ஏன் அழ வேண்டும்? செத்துப்போனவர்களுக்காக அழுவது நம்மைப் போன்றவர்கள் செய்கிற காரியம் அல்லவா?

அடுத்து ஆயர் மகன் எழுந்தான். வெளியே மின்சார ரயில் போனது. சத்தம் அடங்கட்டும் என்று நின்றவன், ரயில் போன பிறகும் நின்றான். பதில் ஒரே ஒரு வரிதான்: அவர் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர். அது அவன் வாயில் வரவில்லை. வசனம் எடுத்துக்கொடுக்கச் சித்திதான் திரை ஓரமாக நின்றிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். நோட்டு அவள் கையில் விரிந்து கிடந்தது. விரல் ஒரு வரியின் மேல் இருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. பக்கம் தவறிவிட்டது என்று நினைத்தேன்.

சக்கரவர்த்தியாக நடித்த பையனுக்கோ தன் வசனம் மட்டும் தெரியும். பாதிரியார் பக்கம் இருப்பவர்கள் கை தூக்கலாம் என்று அறிவித்துவிட்டான். ஒருவரும் தூக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. ஆனால் குட்டி ஆயர்கள் கேட்டதெல்லாம் ஒரு தரப்பு மட்டுமே. பன்னிரண்டு பேரும் தூக்கினார்கள். எல்லோரும் தூக்கும்போது நமக்கென்ன என்று ஆயர் மகனும் தூக்கினான். கீழே உட்கார்ந்திருந்த பெரியவர்களும் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். சபைச் செயலரான என் அப்பா, மகள் பேசிய பெருமையில் இரண்டு கைகளையும் தூக்கினார். திரையை இழுத்துவிட்டுச் சமோசா கொடுத்தார்கள்.

எனக்கு மட்டும் சமோசா இறங்கவில்லை. உலகம் பூரா சொல்வதை நான் மாற்றிவிட்டேன். அன்று இரவு ஜெபத்தை யாரிடம் சொல்வது என்றே தெரியாமல் போர்வைக்குள் விழித்துக்கிடந்தேன். புதன்கிழமை அப்பா போனில் யாரிடமோ, "கமிட்டியில முடிவாயிடுச்சுன்னா அப்புறம் யார் நெனச்சாலும் மாத்த முடியாது சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேசியது சர்ச் வாசலில் ஸ்கூட்டர்களுக்குக் கூரை போடுகிற விஷயம். அது எனக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை பொறுக்க முடியாமல் சித்தியிடம் போனேன். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இயேசு இப்போ கடவுளா, இல்லையா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தாள்களைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கும் தெரியலடி. நாளைக்கு சர்ச்ல என்ன சொல்றாங்கன்னு கேப்போம்."

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு, நற்கருணை ஆராதனை. அந்தச் சங்கம் முடிவெடுத்த நிசேயா விசுவாசப் பிரமாணத்தைச் சபையே சேர்ந்து சொல்லும் நாள். சபை எழுந்து நின்றது. அம்மா பாடகர் குழுவோடு முன்னால் இருந்தாள். நான் சித்தியின் பக்கத்தில். ஒவ்வொரு வாக்கியமாக நெருங்க நெருங்க நான் சித்தியின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டேன். அந்த வரி வந்தது. ஒருவர்கூடத் தயங்கவில்லை. பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று முந்நூறு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். குட்டி ஆயர்கள் பன்னிரண்டு பேரும் தாடி இல்லாமல் சொன்னார்கள். ஆயர் மகனுக்குக்கூட வந்துவிட்டது. இரண்டு கைகளையும் தூக்கிய அப்பா, புத்தகத்தைப் பார்க்காமல், கூரையில் ஓடும் ஃபேனைப் பார்த்தபடி சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பாடா, நான் ஒன்றையும் கெடுக்கவில்லை.

அப்போதுதான் பக்கத்தில் இன்னொரு குரல் கேட்டது. சித்தி சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தப்பா போனதிலிருந்து விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது அவள் வாய் திறந்ததே இல்லை. கேட்டால் தொண்டை கட்டியிருக்கிறது என்பாள். அன்று கரகரத்த குரலில், கூட்டத்தைவிட அரை வார்த்தை பின்தங்கி, கடைசி வரை சொன்னாள்.

நாடகத்தில் என் வாயில் வந்த கேள்விகளை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று நான் யோசித்ததே இல்லை. ஏதோ சரித்திரப் புத்தகம் என்று இருந்துவிட்டேன். விழா அன்று திரை ஓரத்தில் அவளுக்குப் பக்கமும் தவறவில்லை. விரல் சரியான வரியின் மேல்தான் இருந்தது. தனியாக அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. இதெல்லாம் எனக்குப் புரிய நானும் ஒருவரைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது.

அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடிப் போய், சித்திக்குத் தொண்டை சரியாகிவிட்டது, இன்றைக்கு முழுவதும் சொன்னாள் என்றேன். அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வெளியே வந்து, சித்தியைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். ஒரு தொண்டைக்கட்டு சரியானதற்கு இவ்வளவா என்று நினைத்துக்கொண்டே நான் பென்சில் பாக்ஸைத் திறந்தேன்.