வெளிச்சம் கண்டால் சொல்ல வேண்டும்

தர்மபுரத்தில் ஒருவன் கப்பலுக்குப் போகிறான் என்றால் ஊர் முதலில் கேட்பது எந்த நாட்டுக்கு என்றுதான். நாட்டுக்கு இல்லை, கப்பலில்தான் வேலை என்று சொன்னால், "ஓம் ஓம், ஏறிறது தெரியுது, எங்கை இறங்கப்போறாய்?" என்று அடுத்த கேள்வி வரும். கனகலிங்கத்தின் மகன் தயாபரன் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு நாள் கனடாவுக்கு என்று சொல்லிவைத்தான். அந்தக் கிழமையே கலியாணப் பேச்சு ஒன்று வீடு தேடி வந்தது.

அவனுக்குக் கடல் மேல் ஆசை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். வாய்க்கால் தண்ணீரில் நெல் விதைக்கிற வீட்டுப் பிள்ளை அவன். கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது, சரக்குக் கப்பலில் மேல்தள வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டான். மூட்டைதானே, அதைக் கப்பலில் தூக்கினால் என்ன என்று நினைத்தான். அவ்வளவுதான். கொழும்புக்குப் போய் ஆரம்பப் பயிற்சி எடுத்தான். நெருப்பணைக்கவும் உயரத்திலிருந்து தண்ணீருக்குள் குதிக்கவும் பழகினான். பிறகு பயிலுநனாக ஒரு கப்பலில் ஏறி, ஒரு கோடையும் ஒரு மாரியும் இரும்பிலே துருவைச் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ற் அடித்தான். கப்பலில் யாரும் தோளில் மூட்டை தூக்குவதில்லை என்பது ஏறிய பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

துரு சுரண்டுகிறவன் கடைசி வரையும் துரு சுரண்டிக்கொண்டிருக்கலாம். சுக்கான் பிடிக்கவும், கப்பலின் முன்பக்கமான அணியத்தில் நின்று காவல் பார்க்கவும் வேண்டுமென்றால் அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அது இருந்தால்தான் அவன் முழு மாலுமி. வைகாசி கழிய வெளிக்கிடுகிற கப்பலொன்றில் கம்பனிக்காரர் அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள், சான்றிதழோடு வந்தால் மட்டும். வராவிட்டால் அந்த இடத்தில் வேறொருவன் ஏறிப்போவான், இவன் திரும்பவும் அரிசி ஆலைக்குத்தான் போகவேண்டும். வீட்டில் அப்பாவுக்கு இடுப்பு நோவு. போன மாரி வெள்ளம் விதைத்ததை வாரிக்கொண்டு போயிருந்தது. ஆகவே இந்தச் சான்றிதழை நம்பி இருந்தது அவன் மட்டுமல்ல, ஒரு வீடே.

பரீட்சை கொழும்பில் நடந்தது. சுக்கானில் அவன் கை பதறவில்லை. கட்டளையை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சுக்கானைத் திருப்பவேண்டும். அதை ஆங்கிலத்தில் அட்சரம் பிசகாமல் செய்தான். முடிச்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டான். மிச்சமிருந்தது காவல் ஒன்றுதான். ஓர் இருட்டறை. மூன்று பக்கமும் திரை, திரை முழுக்கக் கடல். கப்பலின் அணியத்தில் தனியே நிற்பதாக நினைத்துக்கொண்டு, கண்ணுக்குப் படுகிற ஒவ்வொன்றையும் எந்தப் பக்கம், என்ன நிறம் என்று உடனே சத்தமாகச் சொல்லவேண்டும். பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் நரைத்த தலையோடு ஒரு கப்டன்.

தயாபரன் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். இடப்பக்கம் ஒரு பச்சை விளக்கு வந்தது. சொன்னான். நேரே ஒரு மீன்பிடிப் படகு வந்தது. சொன்னான். பிறகு வலப்பக்கத்தில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு மேலே போய், உச்சியில் வெடித்து, ஒரு சிவப்பு வெளிச்சம் வானத்தில் தொங்கியது. சின்னக் குடையொன்றில் ஆடி ஆடி, அவசரமே இல்லாமல் கீழே இறங்கத் தொடங்கியது.

அதை அவன் சொல்லவில்லை. அவன் தரையில் குப்புறக் கிடந்தான். கன்னம் நிலத்தில், கைகள் தலைக்கு மேல், வாய் இறுக்கி மூடியபடி. எப்போது விழுந்தான் என்று அவனுக்கே தெரியாது.

வன்னியில், பரசூட்டில் தொங்கி இறங்குகிற அந்த வெளிச்சத்துக்குப் பெயர் பரா வெளிச்சம். யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவனுக்கு ஆண்டு மூன்று படிக்கிற வயது. படித்தான் என்று சொல்வதற்கில்லை, பள்ளிக்கூடமே மரத்துக்கு மரம் இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. உடையார்கட்டிலும் அதற்கு அப்பாலும் அது வானத்தில் தொங்காத இரவு குறைவு. அங்கே அதன் நிறம் வெள்ளை, ஆனால் ஆட்டம் இதே ஆட்டம். அது எழும்பினால் இருந்த இடத்தில் படுக்கவேண்டும். அசையக்கூடாது, அழக்கூடாது, அசைவு கண்டால் ஷெல் விழும். எழும்பி ஓடினவர்களை விடிந்த பிறகுதான் தேடி எடுத்தார்கள். அம்மா இராசேஸ்வரி அவனையும் அக்கா கஜனியையும் மண்ணோடு அமத்தி வைத்திருப்பார். கடலில் அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்கு 'எங்களைக் காப்பாற்றுங்கள்' என்று பொருள். அதை அவன் புத்தகத்தில் படித்துத்தான் இருந்தான். உடம்பு படித்துவைத்திருந்த பாடம் வேறு.

அறையில் விளக்கைப் போட்டார்கள். வாசலில் முறைக்குக் காத்திருந்த பெடியங்கள் சிரித்தார்கள். கப்டன் சிரிக்கவில்லை. அவர் எழுந்து வந்து ஆங்கிலத்தில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "என்ன கண்டாய்?"

"ஒன்றும் காணவில்லை, சேர்" என்றான் தயாபரன்.

அவன் விட்ட பிழை இதுதான். விழுந்ததை விட்டுவிடலாம், விழாத மனிதன் யார்? ஆனால் அந்தப் பதிலைக் கேட்டு அவனைப் பொய்க்காரன் என்று நினைக்கிறவர்கள் வன்னியில் ஒரு கிழமை வாழ்ந்து பார்த்திருக்கவேண்டும். தோள்பட்டி போட்ட ஒருவர் 'என்ன கண்டாய்' என்று கேட்டால் அங்கே எல்லார் வாயிலும் ஒரே பதில்தான் இருந்தது. கண்டேன் என்றவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். காணவில்லை என்றவன் வீட்டுக்கு வந்தான். யுத்தம் முடிந்து முகாம் வாசலில் வரிசையில் நின்றபோது அப்பா அவனுடைய காதுக்குள் சொல்லிக்கொடுத்ததும் அதையேதான். கொழும்பில் இந்தக் கப்டனும் வெள்ளைச் சட்டையில் தோள்பட்டி குத்தியிருந்தார். அதற்கு மேல் அவனுடைய வாய் அவனைக் கேட்கவில்லை.

"விழுந்தவன் எழும்பலாம்" என்றார் கப்டன். "கண்டதைக் கண்டேன் என்று சொல்லாதவனை நம்பி ஒரு கப்பலைக் கொடுக்க என்னால் முடியாது." அடுத்த மாதம் இன்னொரு தடவை வரலாம் என்றும் சொன்னார். அந்தக் கப்பல் வெளிக்கிடுவதற்கு முன்னால் அதுதான் கடைசித் தடவை.

வீட்டுக்கு வந்து பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்றான். அப்பா நம்பினார். கஜனியிடம் அந்தக் கதை எடுபடவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற அவளுக்குக் கள்ள முழி முழிக்கிற முகம் தினமும் பழக்கம். அவள் குசினிக்குள் வைத்துப் பிடித்தாள்.

"பொய் சொல்லாதை. தள்ளிப்போயிருந்தா நீ அவங்களைத் திட்டிக்கொண்டெல்லோ வந்திருப்பாய். என்ன நடந்தது?"

"பரா, அக்கா."

"என்ன பரா?"

"திரையிலை பரா வெளிச்சம் வந்தது. படுத்திட்டன். பிறகு கப்டன் கேட்டவர், ஒண்டும் காணேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

தேங்காய் திருவிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தான். "நானெண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன்" என்றாள் கஜனி. அன்றைக்குத்தான் அவனுக்குக் கொஞ்சம் சோறு இறங்கியது.

சித்திரைக் கடைசியில் ஊர்க் கோயில் திருவிழா வந்தது. திருவிழாவில் வாணம் விடுவது சின்னராசா அண்ணையின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அவர் ஒரு மந்திரிப் பதவி மாதிரி நடத்துவார். இந்த முறை குடையோடு இறங்குகிற வாணமும் கொண்டுவந்திருப்பதாக அவர் சந்தியில் நின்று பீத்திக்கொண்டிருந்தது தயாபரன் காதில் விழுந்தது. அவன் வீட்டில் யாரும் வாணம் பார்த்ததே இல்லை. சுவாமி வெளிவீதி சுற்றி முடிவதற்குள் அம்மா, "மாட்டைக் கட்டவேணும்" என்று எழும்பிவிடுவார். மாடுகளை விற்று எத்தனையோ வருடம். ஆனாலும் அம்மா அதைச் சொல்வார், எல்லோரும் பேசாமல் பின்னால் நடப்பார்கள்.

"இந்த முறை நான் வாணத்துக்கு நிக்கப்போறன்" என்றான் அக்காவிடம். "அதுக்கு நிக்கேலாட்டி கப்பலிலையும் நிக்கேலாது."

கஜனி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். திருவிழா அன்று அம்மா கலியாணவீட்டுக்கு உடுக்கிற சேலையை உடுத்துக்கொண்டு வந்து, "நானும் நிக்கிறன்" என்றார்.

பொழுதுபட்ட கையோடு முதல் வாணம் சீறிக்கொண்டு போனது. தயாபரன் கச்சான் கடலைக் கடை மேசைக்குப் பின்னால் குந்தியிருந்தான், செருப்பைத் தொலைத்தவன் போல நிலத்தைத் தடவிக்கொண்டு. வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்ததற்கு முழங்கால் மடங்கியது, ஆனால் மேசையைப் பிடித்துக்கொண்டான். பிறகு சின்னராசா அண்ணை ஒலிபெருக்கியில் பெருமையாக அறிவித்துவிட்டுக் குடை வாணத்தை விட்டார். அது போனது, வெடித்தது, பச்சையாக ஒரு வெளிச்சம் வானத்தில் தொங்கி ஆடியது.

தயாபரன் நின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அப்போது அவனுடைய கணுக்காலை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

"படு தம்பி! படு! படடா!"

அம்மா கோயில் வீதி மணலில் குப்புறக் கிடந்தார். நல்ல சேலை, முகமெல்லாம் மண். ஒரு கை கஜனியை இழுத்துக் கீழே விழுத்தியிருந்தது, மற்றக் கை அவனை இழுத்தது. ஊர்ச் சனம் திரும்பிப் பார்த்தது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். வயதுபோன இரண்டு பெண்கள் சிரிக்கவில்லை, தங்கள் பாட்டில் மெல்ல நிலத்தில் அமர்ந்துகொண்டார்கள். படுத்துவிட்டால் என்ன என்று தயாபரனுக்கு இருந்தது. அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே படுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

அவன் படுக்கவில்லை. அண்ணாந்து பார்த்தபடி, அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான்.

"அம்மா, ஒரு வெளிச்சம். பச்சை. வலப்பக்கம், தென்னைக்கு மேலை."

"எங்கடை பக்கமோ வருது?" மணலுக்குள் இருந்து குரல் வந்தது.

"இல்லை. காத்துக்கு வயல் பக்கம் போகுது."

"இப்ப?"

"கீழை பதியுது."

"இப்ப?"

"அணைஞ்சிட்டுது அம்மா. ஒண்டுமில்லை. இருட்டுத்தான்."

பிடி மெல்லத் தளர்ந்தது. கணுக்காலில் நகம் பதிந்த இடம் எரிந்தது. அக்காவும் தம்பியுமாக அம்மாவைத் தூக்கி நிறுத்தி, சேலையைத் தட்டிவிட்டு, ஊரின் கண்களுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனார்கள். அவனுக்குத் தன் மேல்தான் ஆத்திரம் வந்தது. ஒரு கடதாசிக்காக அம்மாவை இப்படி மண்ணில் போட்டுவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டு நடந்தான்.

கொழும்பில் அதே அறை, அதே கப்டன். இந்த முறை சிவப்பு வெளிச்சம் இடப்பக்கத்தில் எழும்பியது. தயாபரன் முன்னாலிருந்த கம்பியை இறுக்கிப் பிடித்தான். படுக்கவில்லை, சொன்னான். சிவப்பு, குடையோடு, இடப்பக்கம், இறங்கிக்கொண்டிருக்கிறது, யாரோ உதவி கேட்கிறார்கள். கேட்டதற்கு மேலேயே சொன்னான். எல்லாம் முடிந்த பிறகு கப்டன் அவனைக் கூப்பிட்டு, போன மாதம் என்ன கண்டாய் என்று கேட்டார்.

"இதே வெளிச்சம்தான், சேர். கண்டேன். எங்கள் ஊரில் அதைக் கண்டால் படுப்போம். கேட்டால் காணவில்லை என்போம்."

கப்டன் வேறொன்றும் கேட்காமல் பரீட்சைத் தாளில் கையெழுத்தை வைத்தார்.

வெளியே வந்து வீதியோரமாக நின்று வீட்டுக்குப் போன் எடுத்தான். அம்மாதான் எடுத்தார்.

"கிடைச்சிட்டுது அம்மா."

"பிள்ளையாரே" என்றார் அம்மா. பின்னால் கஜனி கத்துவது கேட்டது. அப்பா எதையோ தட்டிவிட்டு எழும்பி வருவதும் கேட்டது. பிறகு அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது வந்ததோ?"

"வந்ததம்மா."

"நீ?"

"நிண்டனான்."

"பக்கத்திலை ஆரும் நிண்டவையோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தானே, அம்மா நிம்மதியாகப் போனை வைத்திருப்பார். தயாபரனுக்கு அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லையம்மா. காவலுக்கு ஒராள்தான். கப்பலிலையும் அப்பிடித்தான். மற்றவை படுத்திருப்பினம், நான் நிப்பன்."

அம்மாவின் குரல் வந்தது, கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத குரல்.

"எல்லாரும் படுத்திருக்கேக்கை தனிய எழும்பி நிக்கிறதுக்கோ தம்பி உனக்குச் சேர்ட்டிபிக்கேற் தந்தவங்கள்?"

"ஓம் அம்மா" என்றான் தயாபரன். "அதுக்குத்தான்."