மகாராணிக்குச் சாம்பார் ஊற்றலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை என் ஃப்ரிட்ஜைப் போட்டோ எடுக்க ஓர் ஆள் வந்தார்.

சிரிக்காதீர்கள், நிஜம்தான். ஒரு பத்திரிகையின் ஆண்டு மலருக்காம். எழுதுகிறவர்களிடம் இரண்டு கேள்வி. ஒன்று — உங்கள் ஃப்ரிட்ஜில் எப்போதும் இருப்பவை எவை? இரண்டு — சரித்திரத்திலிருந்து மூன்று பேரை ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? போனில் கேட்டேன். "சும்மா ஜாலியா சார்" என்றார் உதவி ஆசிரியர். ஜாலி என்று சொல்லிவிட்ட பிறகு என்னத்தைக் கேட்பது?

முதல் கேள்வி சுலபம் என்று நினைத்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். தலை சுற்றியது. எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள நாலு தண்ணி பாட்டில், பாதி எலுமிச்சம்பழம், முந்தாநாள் வத்தக்குழம்பு. மற்றதெல்லாம் தெருவுடையது! ரெட்டியார்பாளையத்தில் எங்கள் சந்தில் பாதி வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. அதனால் எதிர்வீட்டு இட்லி மாவு, கோடி வீட்டுக் கதம்பம், யாருடையது என்றே தெரியாத மீன் ஒரு தூக்கில்... கதவில், முட்டை வைக்கிற குழியில், ரோசாலி டீச்சரின் இன்சுலின்.

டீச்சர் பக்கத்து வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறார். ரிட்டையர் ஆனவர், தனி ஆள். "ஒரு ஆளுக்கு எதுக்கு ஃப்ரிட்ஜு?" என்று வாங்கவே இல்லை. ஆறு வருஷமாகக் காலை ஏழரைக்கும் மாலை ஏழுக்கும் டாண் என்று வந்து, ஊசி போட்டுக்கொண்டு போவார். பழைய புதுச்சேரிக்காரர். என்னை இன்னும் பிரெஞ்சு வழக்கப்படி, சார் என்பதற்குப் பதில் 'மிசியே' என்றுதான் கூப்பிடுவார்.

ஆண்டு மலரில் எதிர்வீட்டு இட்லி மாவா வருவது? என் கௌரவம் என்ன ஆவது? மனைவி மல்லிகா தவளக்குப்பத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தாள். தடுக்க ஆளில்லை. டவுனுக்கு ஸ்கூட்டரை விட்டேன். சீஸ், ஒரு பாட்டில் ஆலிவ் காய், முழ நீளத்துக்கு ஒரு பிரெஞ்சு ரொட்டி வாங்கினேன். தெருவின் சொத்தையெல்லாம் அள்ளி அன்னக்கூடையில் போட்டுச் சமையல் மேடையில் வைத்தேன்.

இன்சுலினை அப்படி வைக்க மனசு வரவில்லை. மே மாத வெயிலாயிற்றே! குளிர்ச்சி நல்லது என்றால் கூடுதல் குளிர்ச்சி இன்னும் நல்லதுதானே? ஃப்ரீசருக்குள் வைத்தேன். 'பரவாயில்லையே, உனக்கும் மூளை இருக்கே' என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

நாலு மணிக்குப் போட்டோகிராபர் வந்தார்.

"ரொட்டிய யாரு சார் ஃப்ரிட்ஜுல வெப்பாங்க?"

"நாங்க வெப்போம்" என்றேன்.

என் விருந்தாளிகள் யார் என்று குறித்துக்கொண்டு வரச் சொல்லிப் பத்திரிகையில் அவரை அனுப்பியிருந்தார்களாம். யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அரிக்கமேட்டுக்குக் கப்பலில் வந்த ரோமாபுரி வியாபாரி ஒருவர், அந்தக் காலத்து பிரெஞ்சு கவர்னர் ஒருவர், ஒரு சோழ மகாராணி.

"சூப்பர் சார். என்ன சாப்பாடு போடுவீங்க?"

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. மகாராணி காலத்தில் நம் ஊரில் மிளகாயே கிடையாது. தக்காளியும் கிடையாது. சாம்பாரை ஊற்றினால் என்ன கதி? வியாபாரிக்கு மிளகு ரசம் சரிப்படும்... ஆனால் ரோமாபுரியில் பெரிய மனிதர்கள் படுத்துக்கொண்டே சாப்பிடுவார்களாமே! எங்கள் ஹாலில் படுக்க இடம் ஏது? கவர்னருக்கு நாற்காலி, மகாராணிக்கு இலை, வியாபாரிக்குப் பாய் விரிப்பதா? போட்டோகிராபர் போன பிறகும் இதே குழப்பம். குழம்பிக்கொண்டே மாவையும் மீனையும் திரும்ப உள்ளே அடுக்கினேன். ஃப்ரீசர் ஞாபகமே வரவில்லை.

மல்லிகா ஆறரைக்கு வந்தாள். ஏழுக்கு டீச்சர் வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"மிசியே, என் மருந்து எங்க?"

"பத்திரமா இருக்கு டீச்சர்!" என்று பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். டீச்சர் ஆட்டிப் பார்த்தார். உள்ளே எதுவும் அசையவில்லை.

"கட்டியாயிடுச்சே... இது இனிமே வேலைக்காவாது."

"இளகினா சரியாயிடாதா?"

"ஆவாது மிசியே. உறைஞ்சா போச்சு. வேற பாட்டிலும் இல்ல."

போன தை மாதம் இரண்டு வேளை ஊசி தவறி, டீச்சர் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கூட்டிப்போனதே நான்தான்.

"எந்த வேலையும் உருப்படியா செய்யத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள் மல்லிகா. ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முதல் மெடிக்கல் மூடியிருந்தது. இரண்டாவதும் மூடல். மூன்றாவதில் ஸ்டாக் இல்லை. லாஸ்பேட்டையில் ஒரு கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். குனிந்து உள்ளே தலையை நீட்டி, மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐஸ் பாக்கெட்டோடு கட்டிக் கொடுத்து, "கதவுல வெய்ங்க சார், ஃப்ரீசர்ல இல்ல" என்றார்.

எட்டு மணிக்குத் திரும்பினேன். டீச்சர் நாக்கு வறண்டு, பசியோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஊசி போட்டு அரை மணி கழித்துத்தான் சாப்பிட வேண்டும். அதற்கு மேல் அவரை மாடியேறிப் போய்ச் சமைக்கச் சொல்ல முடியுமா? மல்லிகா எதிர்வீட்டு மாவை எடுத்துத் தோசை வார்த்தாள். அவர்களுக்குக் காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

டீச்சர் இரண்டாவது தோசைக்கு வந்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்தால் வாய் சும்மா இருக்குமா? "டீச்சர், சரித்திரத்துலேர்ந்து மூணு பேரச் சாப்பிடக் கூப்பிடணும்னா நீங்க யாரக் கூப்பிடுவீங்க?"

டீச்சர் தோசையைப் பிட்டபடி யோசித்தார்.

"கூப்பிடுறது இருக்கட்டும் மிசியே. ரொம்ப நாளா எனக்கு ஒண்ணு புரியல. கேக்கட்டுமா?"

"கேளுங்க டீச்சர்."

"ஆறு வருஷமா ரெண்டு வேளையும் நான் உள்ள நுழையும்போது, 'சாப்ட்டாச்சா டீச்சர்?'னு நீங்க ரெண்டு பேருமே கேக்குறீங்க. ஊசி போட்டுட்டுத்தான சாப்பிடணும்? நானும் 'இன்னும் இல்ல'ன்னுதான் சொல்றேன். 'சரி சரி'ன்னுட்டு நீங்க பேப்பர் படிக்கப் போயிடுறீங்க, அவங்க அடுப்படிக்குப் போயிடுறாங்க. அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?"

கோபமே இல்லை. சந்தேகம் கேட்கிற குரல்தான். அதனாலேயே எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது. எதற்குக் கேட்டோம்? சத்தியமாக எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நாங்கள் கேட்பதில்லை... தட்டை வைத்துவிடுகிறோம்.