முருங்கைமரம் ஏறிய மயில்குஞ்சுகள்

முட்டைகளைத் தொடாமல் விட்டிருந்தால் அந்தப் பெண்மயில் திரும்பி வந்திருக்குமா? அன்று நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் நான் சொன்னது மயிலுக்காகத்தானா என்பதில்தான் சந்தேகம்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். கைக்குழந்தைக்கு ஆறு மாதம். கோடை விடுமுறை விட்டதும் ஆறு வயது மூத்தவளை ஜீயபுரத்தில் இருக்கும் என் ஓரகத்தி தன்னிடம் அனுப்பச் சொன்னார். என் கணவரின் அண்ணன் மனைவி அவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். நான் நாலு நாளாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். அவருடைய பையன்கள் இருவரும் கல்லூரி விடுதியில் இருக்கிறார்கள். வீடும் வெறிச்சென்று கிடந்தது.

ஞாயிறுதோறும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறிப் போவேன். நான் சீப்பை எடுத்தாலே கத்துகிற என் மகள், அங்கே அக்காவிடம் தலையைக் குனிந்து கொடுத்து இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருப்பாள். கீரையைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறவள், அங்கே முருங்கைக்கீரையைச் சோற்றில் பிசைந்து சாப்பிடுவாள். நான் நன்றியோடு இருக்க வேண்டியவள். அது தெரியும். தெரிந்தும் திரும்பி வரும் பஸ்ஸில் வயிறு எரியும். வேறு நாகரிகமான சொல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்காவின் கணவரான மூத்தாருக்கு மயில் என்றாலே ஆகாது. நாற்றங்காலில் தெளித்த விதைநெல்லைப் பொறுக்கிவிடும், மிளகாய்ச் செடியையும் விடாது. வயலைச் சுற்றி அக்காவின் பழைய புடவைகளைக் கட்டி வைத்திருப்பார். முட்டையைத் தின்ன நரி இருந்த காலத்தில் இத்தனை மயில் ஏது என்று முணுமுணுப்பார். ஆனால் கல்லெடுத்து எறிந்து நான் பார்த்ததில்லை.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு காலை, அக்கா வீட்டு வாழைக்கொல்லையில் ஆட்கள் இலை அறுத்தபடியே காய்ந்த சருகுகளையும் கழித்துக்கொண்டு போனார்கள். காலடியிலிருந்து படபடவென்று ஒரு பெண்மயில் கிளம்பிப் பறந்தது. தோகை இல்லாத பழுப்புநிறப் பறவை என்பதால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. மண்ணைக் கொஞ்சம் கீறிய பள்ளத்தில் வெளிர்நிறத்தில் ஐந்து முட்டைகள். மேலே மறைப்பாக இருந்த சருகு போய்விட்டதால் அவற்றின்மேல் வெயில் நேராக விழுந்தது. தென்னையில் காக்கைகள் உட்கார்ந்திருந்தன.

நான் போனில் தேடிப் படித்தேன். ஆண்மயில் அடைகாப்பதும் இல்லை, குஞ்சு வளர்ப்பதும் இல்லை; எல்லாம் தாய் ஒருத்தியின் பாடு. அடை முற்றிய சமயமென்றால் ஆள் விலகியதும் அவள் திரும்பி வரக்கூடும். தொடக்கமென்றால் கைவிட்டுவிடவும் கூடும். எது எப்படியானாலும், மயில் முட்டையை எடுப்பது சட்டப்படி குற்றம்.

“சாயங்காலம் வரைக்கும் விட்டுப் பாக்கலாமேக்கா. ஆள் இல்லன்னா வரும்.”

“வரும். அதுக்கு முன்னாடி காக்கா வரும்” என்றார் அக்கா.

என் மகள் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “பெரியம்மாவுக்குத்தாம்மா தெரியும். உனக்கு போன்லதான் தெரியும்.”

இலை அறுத்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவை அப்படிப் பேசக் கூடாது என்று அக்கா அவளை அதட்டினார். அந்த அதட்டல்கூட ஒரு அம்மா அதட்டுவது போலவே இருந்தது.

வீட்டில் ஒரு நாட்டுக்கோழி அடையில் இருந்தது. அதன் முட்டைகளை எடுத்துவிட்டு மயில் முட்டைகளை வைத்தார் அக்கா. இடி இடித்தால் முட்டை கூழாகாமல் இருக்க, கூடையில் ஒரு கரித்துண்டு, ஓர் இரும்பாணி, ஒரு காய்ந்த மிளகாய். மிளகாயை ஓடிப்போய் எடுத்துவந்தது என் மகள். அன்று மாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கொல்லைப் பக்கமிருந்து ஒரு மயில் விடாமல் அகவியது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அந்த ஊரில் எந்த மயில்தான் கத்தவில்லை என்றார்.

வனத்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். மூத்தார் போன் செய்ய, ஒரு வனக்காப்பாளர் வந்து பார்த்தார். எடுத்தது தப்பு என்று கண்டித்துவிட்டு, இனி இடம் மாற்றினால் உள்ளதும் போய்விடும், பொரியட்டும் என்றார். குஞ்சுகளுக்குக் கையால் தீனி போடக் கூடாது, மனிதர்களிடம் பயம் விட்டுப்போனால் வெளியில் பிழைக்காது என்றார். மரம் ஏறத் தொடங்கியதும் தெரிவித்தால், எடுத்துப்போய் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வளர்த்துக் காட்டில் விடுவார்களாம்.

மே நடுவில் ஐந்தில் மூன்று பொரிந்தன. அதன்பிறகு நான் போனில் பேசினால் என் மகள் இரண்டு வார்த்தைக்கு மேல் நிற்பதில்லை. பழைய பானையில் சாணியும் ஓலையும் போட்டுக் கவிழ்த்து வைத்தால் காலையில் கறையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு அதுதான் தீனி. பெண்மயில் பூச்சியை அலகில் பிடித்துக் காட்டிக் குஞ்சுக்குக் கொடுக்குமாம். இவள் விரலில் பிடித்துக் கொடுக்கிறாள். அவையும் கோழியை விட்டுவிட்டு இவள் பின்னால் ஓடுகின்றன. வனக்காப்பாளர் சொன்னதை நினைவுபடுத்தினேன். “குழந்த ஆசப்படுது, விடேம்மா” என்றார் அக்கா. என் பிள்ளையின் ஆசையை எனக்கே எடுத்துச் சொல்கிறாரே என்று மனம் பொருமியது.

போன ஞாயிறு பொழுது சாயும்போது மூன்று குஞ்சுகளும் மதில்மேல் தாவி, அங்கிருந்து முருங்கைமரக் கிளைக்கு ஏறிவிட்டன. கோழி கீழே நின்று கொக்கரித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தது. அவை இறங்கவில்லை. என் மகள் கைதட்டினாள். எனக்கு அந்தக் கோழியைப் பார்க்கவே முடியவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டேன்.

சாப்பிடும்போது, தான் இங்கிருந்தே ஸ்கூலுக்குப் போவதாக மகள் அறிவித்தாள். அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் கை கழுவப் போன பிறகு அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “மரம் ஏறிடுச்சு. சொல்லிடணும். எனக்கு மனசு வரல, நீயே போன் போடு. எப்ப வரணும்னும் நீயே சொல்லிடு.”

அப்போது அவர் கண் கலங்கியிருந்தது. குஞ்சுகளுக்காகவா, என் மகளுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

வனக்காப்பாளரின் எண் என் போனில் இருக்கிறது. தாமதிக்கத் தாமதிக்கக் குஞ்சுகள் மனிதர்களிடம் இன்னும் ஒட்டிக்கொள்ளும். பேசிவிட வேண்டியதுதான் நியாயம். ஆனால் எண்ணை அழுத்தப் போகும்போதெல்லாம், குஞ்சுகள் போய்விட்டால் இவள் என்னிடம் வந்துவிடுவாள் என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. உடனே கை நின்றுவிடுகிறது.

பள்ளி திறக்க இன்னும் சில நாள்தான். பிள்ளை வளர்ப்பவர்களும் பறவைகளை அறிந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அவள் கண்ணெதிரே குஞ்சுகளை அனுப்பி, அழுதால் அழட்டும் என்று பக்கத்தில் நிற்கட்டுமா? அல்லது அவளை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துவந்த பிறகு குஞ்சுகளை அனுப்பிவைக்குமாறு அக்காவிடம் சொல்லட்டுமா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சீக்கிரம் எழுதுங்கள்.