முயலுக்குக் காது ஒட்டியதா?

மோட்டல் அறைக்குள் காலை வைத்ததும் எர்மா படுக்கத்தான் இடம் தேடினாள். கட்டில்கள் இருந்தன. இரண்டின் மேலும் வெள்ளைத் துணியை விரித்து அவள் கணவர் எல்வுட் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பழைய மிட்டாய்ப் பொம்மை சேர்க்கிறவர்கள் கோடையில் அமெரிக்காவின் லான்காஸ்டர் பக்கம் இப்படி ஒரு மோட்டலைப் பிடித்துக் கூடுவார்கள். கட்டில்தான் கடை. அறைக் கதவு திறந்திருந்தால் வியாபாரம் நடக்கிறது என்று அர்த்தம். சாமான் போனால்தான் முதுகைச் சாய்க்க முடியும்.

அவளுக்கு இது புதிதா என்ன! கல்யாணமான நாளிலிருந்து இதே பிழைப்புதான். எல்வுட்டுக்கு சிமெண்ட் ஆலையில் வேலை. சம்பளம் வந்த கையோடு, விடியாத புல்வெளிச் சந்தைகளில் டார்ச்சும் கையுமாகக் குனிந்து தேடுவார். அவள் காருக்குள் காப்பிக் கோப்பையைக் கட்டிக்கொண்டு குளிரில் நடுங்குவாள். எல்லாம் ஜெர்மனியில் காகிதக்கூழில் செய்த பண்டிகைப் பொம்மைகள். முயல், வான்கோழி, சிடுமூஞ்சிக் கிறிஸ்துமஸ் தாத்தா. கழுத்தைக் கழற்றினால் உள்ளே மிட்டாய் போட இடம் இருக்கும். மிட்டாயை எந்தக் குழந்தையோ தின்று எத்தனையோ காலமாயிற்று. இந்த வெறும் வயிற்றுப் பொம்மைகளுக்காகத்தான் பண்டிகை நாளிலும் குடும்பமே அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிட்டது, ஏனென்றால் சாப்பாட்டு மேஜை தாத்தாக்களுக்கு. ஈரத்துணி பட்டால் சாயம் கரைந்துவிடும் என்று சவரப் பிரஷ்ஷால் ஒவ்வொன்றையும் தூசு தட்டியவள் எர்மா. அவர் வாங்குவார், இவள் தட்டுவாள்.

போன குளிர்காலத்தில் மாடிப்படியில் உருண்டு இடுப்பை முறித்துக்கொண்டாள். படுக்கையும் மாடியில், குளியலறையும் மாடியில். மகள் ஜானிஸ் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே, அலன்டவுனில், படியே இல்லாத ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டாவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். பொம்மைகளை விட்டால் அவர்களிடம் விற்க வேறொன்றும் கிடையாது. எல்வுட் ரொம்ப நேரம் யோசித்து, "சரி, வித்துடலாம்" என்று சொல்லியிருந்தார்.

முதலில் வந்தவர் டேல் கிஸ்ட்லர். பழைய சிநேகிதர், பழைய போட்டியாளர். முதுகில் கூடை சுமக்கும் பெரிய முயலின் மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"கடைசியில வழிக்கு வந்துட்டியே எல்வுட். நீ போனப்புறம் எர்மாகிட்ட மலிவா அடிச்சுக்கலாம்னு இருந்தேன்."

"அவ உன்னை விட விவரமானவ, டேல்."

டேல் சிரித்துக்கொண்டே முயலைத் தூக்கினார். எல்வுட் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது காது ஒட்டினது" என்றார். "நல்லா ஒட்டியிருக்கு. பாத்தா தெரியாது."

டேல் முகம் வாடிவிட்டது. முயலைப் பூப்போல வைத்துவிட்டுப் போனார். பிறகு ஒஹாயோவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். தாத்தாவின் தாடி புதிதாக வைத்தது என்றார் எல்வுட். இன்னொருவரிடம், வான்கோழிக்குக் கால் வேறு பொம்மையுடையது என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. தன் சாமானின் குறையை, கேட்பதற்கு முன்பே சொல்கிற ஒரே ஆள் எல்வுட் என்று அந்த வட்டாரம் முழுக்கத் தெரியும். அரிச்சந்திரனுக்கு அண்ணன்!

நாற்காலியில் சாய்ந்திருந்த எர்மாவுக்குத் தூக்கம் கலைந்தது. காது ஒட்டினதா? அவள் பிரஷ் போகாத காதா அது? அவளுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் எந்தப் பொம்மைக்குத் தாடி முளைத்தது?

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு டேலின் அறைக்கே போனாள்.

"அந்தக் காது ஒடியவே இல்ல டேல். நான்தானே தூசு தட்டுறவ."

டேல் எழுந்து நாற்காலியை அவளுக்குத் தள்ளினார். "உக்காரு எர்மா. உன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஜானிஸ் வீடு பாத்திருக்கிற கதையெல்லாம் கேள்விப்பட்டேன். ஆனா எல்வுட்டே ஒட்டினதுன்னு சொன்னப்புறம் நான் என்னன்னு எடுக்கிறது, சொல்லு."

அங்கே இருந்த இன்னொரு பெண்மணி பாவமாக அவளைப் பார்த்தாள். விற்றுத் தொலைக்க வேண்டிய அவசரம், கிழவி புளுகுகிறாள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எர்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் பொய் சொன்னார், பொய்க்காரி இவளானாள்.

திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"முயலுக்குக் காது எப்போ ஒடிஞ்சுது?"

எல்வுட் கட்டில் துணியின் சுருக்கத்தை நீவினார்.

"கேக்கறேன்ல?"

"ஒடியல."

"தாடி?"

"பழசுதான்." கட்டில் விளிம்பில், வான்கோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவன் அதைத் தூக்கினதும் வாயில வந்துடுச்சு, எர்மா. அப்புறம் நிறுத்த முடியல."

அவள் கத்தவில்லை. கத்துவதற்குத் தெம்பு வேண்டாமா?

"போய்ச் சொல்லு. ஒவ்வொரு ரூமா ஏறி இறங்கிச் சொல்லு."

"என்னன்னு?"

"பொய் சொன்னேன்னு. நான் சொன்னா யாரு நம்பறா?"

"இவங்ககிட்ட எனக்கு இருக்கிறது அந்தப் பேரு ஒண்ணுதான்."

"எனக்கும் இடுப்பு ஒண்ணுதான் இருக்கு."

அவர் அவளையே பார்த்தார். பிறகு எழுந்து, சட்டையைக் கால்சராய்க்குள் செருகிக்கொண்டு வெளியே போனார். தாழ்வாரத்தில் அவர் குரல் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் போவது கேட்டது. வார்த்தை புரியவில்லை. ஒவ்வொரு அறையிலும் அவர் பேசி முடித்ததும் பேச்சே இல்லாமல் போனது மட்டும் புரிந்தது. ஐயோ பாவம் என்றிருந்தது அவளுக்கு. ஆனாலும் போனவரைக் கூப்பிடவில்லை.

அவருக்குப் பின்னாலேயே டேல் வந்தார். கேலி இல்லை, சிரிப்பு இல்லை. முயலைத் தூக்கினார், கொஞ்சம் தயங்கினார், சட்டைப் பையிலிருந்து சின்ன விளக்கு ஒன்றை எடுத்தார். இருட்டில் அதன் ஊதா வெளிச்சம் பட்டால் ஒட்டுப் போட்ட இடமும் புதுப் பூச்சும் வெளிறிக் காட்டிக்கொடுத்துவிடும். எல்லார் அறையிலும் எல்லாரும் எடுக்கிற விளக்குதான். எல்வுட்டின் சாமானுக்கு மட்டும் இதுவரை யாரும் எடுத்ததில்லை.

"தப்பா நினைக்காதே" என்றார் டேல். "எர்மா, லைட்டைக் கொஞ்சம் அணைக்கிறியா?"

சாயம் வெளுக்காமலிருக்க ஜன்னல் திரையைக் காலையிலேயே இழுத்து மூடியிருந்தார்கள். சுவிட்ச் அவள் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எல்வுட் தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்ற சொல் அவளுக்கு வாய் வரை வந்தது. இடுப்பு விண்ணென்று தெறித்தது. அணைத்தாள்.

ஊதா வெளிச்சத்தில் காது தலையோடு தலையாக ஒரே நிறமாக இருந்தது.

"காது நல்லாத்தான் இருக்கு" என்றார் டேல். "எடுத்துக்கிறேன்."

எர்மா சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

"போடாதே" என்றார் எல்வுட். கட்டிலைத் தடவித் தாத்தாவை எடுத்து விளக்குக்கு நேராக நீட்டினார். "இதையும் பாத்துடு, டேல்."