வட்டியில்லாக் கடனுக்குள் ஒளிந்திருந்த வட்டி

ஐயா, அம்மையீர், வணக்கம்.

பாலக்காட்டை அடுத்த சித்தூர் விவசாயியான நான், மின்சாரக் கார் வாங்கப் பாலக்காடு சென்றேன். "வட்டியே இல்லாத லோனுங்க ஐயா," என்றார் விற்பனையாளர். நல்ல நேரம் முடியப்போகிறதே என்று, வேறெதுவும் விசாரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டேன். ரொக்கமாக வாங்குவோருக்குப் பெருந்தள்ளுபடி உண்டென்றும், அக்கடன் பெறுவோருக்கு அது கிடையாதென்றும் பின்னர் வேறொரு விற்பனையகத்தில் அறிந்தேன். இழக்கும் அத்தள்ளுபடியே வட்டி!

கடன் பத்திரத்தில் கையெழுத்திட அழைத்த நாளில், அங்கே காத்திருந்த குடும்பங்கள் கேட்க அந்த விற்பனையாளரிடம் உரக்க வினவினேன்: "ஏனுங்க தம்பி, ரொக்கமாக் குடுத்தா எத்தன கொறைப்பீங்க?"

"ஐயா, மெதுவாங்க! உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"உள்ள வந்தா இவங்களுக்குக் கேக்காதுங்களே!"

இரண்டு குடும்பங்கள் எழுந்து வெளியேறின. முன்பணத்தைத் திரும்பப் பெற்று நானும் வெளியேறினேன். அவர் முகம் வாடியது எனக்கு இன்றும் இனிக்கிறது.

இப்போதெல்லாம் ரொக்க விலையை அறியாமல் எங்கும் முன்பணம் கொடுப்பதில்லை. பிறருக்கும் பயன்படும்படி இவ்வனுபவத்தை உங்கள் தொகுப்பில் பத்திரப்படுத்தி வைக்குமாறு வேண்டுகிறேன்.